5000 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை: பழைய கிரிக்கெட் படங்களை மலையகத்தில் எங்கே தேடுவது?

"மாமா, கையில 5000 ரூவா இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைதான் லீவு. பழைய கிரிக்கெட் படம் தேடணும்னா எங்க போறது?"

அக்கா மகன் கேட்ட கேள்வி. ஹட்டன் டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறான். 1996 மார்ச் 17இல் அவன் பிறக்கவே இல்லை. ஆனால் இலங்கை வென்ற லாகூர் உலகக்கிண்ண இறுதியாட்டத்தை போனில் பார்த்துப் பார்த்து, அரவிந்த டி சில்வா அடித்த 107 ஓட்டங்களையும் எடுத்த 3 விக்கெட்டையும் வரிசையாக ஒப்பிப்பான். நான் அதைத் தோட்டத்துக் கிளாக்கரையா (கணக்கர்) வீட்டு ஜன்னலுக்கு வெளியே, கழுத்து நோக நின்று பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அடுத்த வாரமே தோட்டத்துப் பெட்டிக்கடையில் பபிள்கம் வாங்க எங்கிருந்தோ எல்லாப் பிள்ளைகளுக்கும் சல்லி முளைத்தது. பபிள்கம்மோடு வந்த அந்த வீரர் படங்களில் இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுகூட இல்லை. தேடல் அப்படித்தான் தொடங்கியது.

வீரர்களின் படம் அச்சடித்த, சேர்த்துவைக்கிற சின்ன அட்டைகளைப் படம் என்றுதான் எழுதப்போகிறேன். அட்டை என்று எழுதினால் நம் ஊரில் வேறு அர்த்தம். "அட்டை பொறுக்கப் போறேன்" என்று ஒருநாள் வீட்டில் சொன்னதற்கு, "அதுக்கு ஏன் டவுனுக்குப் போகணும், நாலாம் நம்பர் மலையில நின்னா தானா கால்ல ஏறும்" என்று பதில் வந்தது.

மருமகன் நான்கு இடங்கள் சொன்னான்: ஞாயிற்றுச் சந்தை, பழைய இரும்புக் கடை, கண்டியில் பழம்பொருள் கடை, கையிலிருக்கும் போன். நான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன், லயத்து வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அதை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்பதை அங்கே சொல்கிறேன்.

இடத்தைத் தேர்வதற்கு முன் பொருளைத் தெரிய வேண்டும். நம் பக்கம் கிடைக்கிற விளையாட்டுப் படங்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வந்த சிகரெட் படங்கள். கிரிக்கெட் வீரர்களுக்கென்று வில்ஸ் கம்பனி 1896இலேயே 50 படங்கள் கொண்ட வரிசையை வெளியிட்டது. ஜோன் ப்ளேயர் கம்பனி 1930, 1934, 1938 ஆகிய வருடங்களில் ஐம்பது ஐம்பதாக வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்ததும் இந்தப் பழக்கமே நின்றுபோனது. ஆகவே ஒருவர் "1943 சிகரெட் படம்" என்று நீட்டினால், தேநீர் மட்டும் குடித்துவிட்டு எழும்பிவிடலாம். இரண்டாவது, 1990களில் ஆஸ்திரேலியாவின் ஃபுட்டேரா போன்ற கம்பனிகள் பாக்கெட்டில் விற்ற பளபளப்பான படங்கள். மூன்றாவது நம்முடையவை: பபிள்கம்மோடு வந்தவை, பெட்டிக்கடையில் கட்டாக விற்ற ட்ரம்ப் கார்டுகள்.

விலை என்று வந்தால் முதல் வகைக்குத்தான் உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. இரண்டாவதுக்கு ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கொஞ்சம் பேர். மூன்றாவதுக்கு நம்மைப் போன்ற நாலு கிறுக்கர்கள். அமெரிக்காவில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்போல் வீரரின் 1909 காலத்துப் படம் ஒன்று 2022 ஓகஸ்டில் 72 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அதே மாதம் மிக்கி மான்டில் என்ற இன்னொரு பேஸ்போல் வீரரின் 1952 டொப்ஸ் கம்பனிப் படம் 1 கோடி 26 லட்சம் டொலர். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பலர் பெட்டியைத் திறக்கிறார்கள். அதே அமெரிக்காவில் 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் கணக்கில்லாமல் அச்சடித்த படங்களை இன்று பெட்டியோடு கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்பது மட்டும் அந்தச் செய்திகளில் வராது. பழசு என்பதற்காக யாரும் பணம் தருவதில்லை. மிஞ்சியது எத்தனை, கேட்பவர் எத்தனை, மூலை மழுங்காமல் இருக்கிறதா, அவ்வளவுதான் கணக்கு.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வகைதான். அதில் வருடம் அச்சடித்திருக்காது, ஆனால் படமே தன் வயதைச் சொல்லிவிடும். ட்ரம்ப் கார்டில் ஓட்டம், விக்கெட், அதிகபட்சம் எல்லாம் போட்டிருக்கும் இல்லையா? பிரயன் லாராவின் டெஸ்ட் அதிகபட்சம் 277 என்றிருந்தால் அது 1993 ஜனவரிக்குப் பிறகு, 1994 ஏப்ரலுக்கு முன் அச்சானது. 375 என்றால் அதற்குப் பிறகு. 400 என்றால் 2004 ஏப்ரலுக்குப் பிறகு, அதாவது பழசே இல்லை. சனத் ஜயசூரியவுக்கு 340 போட்டிருந்தால் 1997 ஓகஸ்டுக்குப் பிந்தியது. முத்தையா முரளிதரன் 100 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டது 1997 மார்ச்சில், நியூசிலாந்தில், ஹமில்டனில். இலங்கையில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டவர் அவர். ஆகவே முரளியின் படத்தில் விக்கெட் இரண்டு இலக்கத்தில் இருந்தால், அது உலகக்கிண்ணத்தை ஒட்டிய காலத்துப் படம். தோட்டத்து வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன், கண்டிப் பிள்ளை, காலியில் 2010 ஜூலையில் 800ஆவது விக்கெட்டை எடுப்பார் என்று யாருக்கும் தெரியாத காலத்து முரளி. அந்தப் படத்துக்கு வெளிநாட்டில் விலை இருக்காது. எனக்கு வேண்டியது அதுதான்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

ஞாயிற்றுச் சந்தை

பண்டாரவளையோ ஹட்டனோ, சந்தை நாளில் காய்கறிக்கும் கருவாட்டுக்கும் அப்பால், ஓரமாக ஒரு படங்கு விரித்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். மணிக்கூடு, சாவி, வானொலி வால்வு, காது உடைந்த பித்தளைக் குத்துவிளக்கு, எலிஃபன்ட் ஹவுஸ் சோடாப் போத்தல், பழைய நாணயம். படங்கள் இருந்தால் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். போகவேண்டிய நேரம் காலை ஏழு மணி. பத்து மணிக்குப் போனால் கொழும்பு வியாபாரி தொட்டு வைத்ததைத்தான் நாம் தொடுவோம்.

சந்தையின் நன்மை, கையில் எடுத்துப் பார்க்கலாம், பேரம் பேசலாம், பேருந்துச் செலவு குறைவு. தீமை, விற்பவருக்குப் பொருள் தெரிகிறதோ இல்லையோ, வாங்க வருபவரின் முகம் நன்றாகத் தெரியும். கண் ஒரு நொடி நின்றால் விலை ஏறிவிடும். வேண்டியதைக் கடைசியாக எடுங்கள். முதலில் சாவியைக் கேளுங்கள், வால்வைக் கேளுங்கள், அப்புறம் போகிற போக்கில் "இந்த டின் எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள். டின்னோடு வாங்குவது படம் படமாக வாங்குவதைவிட எப்போதும் மலிவு.

தோட்டத்துச் சம்பளம் 10ஆம் திகதி. அதற்கு அடுத்த ஞாயிறு சந்தை நிரம்பி வழியும், விலையும் இறங்காது. சம்பளத்துக்கு முந்திய ஞாயிறு வியாபாரம் மந்தம், அன்றைக்குப் போனால் பேரம் படியும். மருமகனுக்கு மாதத்தில் ஒரே ஞாயிறு என்றால், அது எந்த ஞாயிறு என்று முதலாளியிடம் கேட்டு மாற்றிக்கொள்வது 500 ரூபாய்க்குச் சமம்.

நுவரெலியா ஏப்ரல் சீசனைப் பற்றியும் கேட்டான். போகலாம், குதிரைப் பந்தயம் பார்க்கலாம், பேல் பஜாரில் ஜாக்கெட் வாங்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் குவியலில் பழைய விளையாட்டு ஜேர்சிகூட அகப்படும். படம் தேடுவதற்கு மட்டும் அது நேரமில்லை. அங்கே ஒரு ஏப்ரலில் 1500 ரூபாய் கொடுத்து "கோப்பித் தோட்டத்து டோக்கன்" ஒன்று வாங்கினேன். கோப்பிக் காலத்தில் பறித்த பழத்துக்குக் கணக்காகப் பித்தளை டோக்கன் கொடுத்தது உண்மை. நான் வாங்கியதன் விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மணல் மணலாக இருக்கிறது. அச்சில் அடித்த பித்தளை அப்படி இருக்காது, களிமண் அச்சில் வார்த்ததுதான் அப்படி இருக்கும். இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன், காகிதம் பறக்காமல் இருக்க.

பழைய இரும்புக் கடை

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

ஊர் ஊராக ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவில் போத்தல், பேப்பர், பழைய இரும்பு எடுக்கிறவர்கள் சாயங்காலம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டுவது டவுனில் இருக்கிற ஒரு பெரிய கடையில். எங்கள் பக்கத்துக் கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. முன்பக்கம் இரும்பு, பின்பக்கம் பேப்பர். உரப்பைகளில் அடைத்த கொப்பிகள், பத்திரிகைகள், பாடப் புத்தகங்கள், கூட்டுறவுக் கடை ரசீதுகள். மழைநாளில் அந்தப் பின்பக்கம் ஈரக் காகிதமும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு மணம்.

"நானா, பழைய படம் கிடம் வந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி, நான் நிறைக்குத்தானே எடுக்கிறேன். அந்தா அஞ்சு பை கிடக்கு, நீங்களே பாருங்க. கலைச்சிட்டுப் போகாதீங்க."

இந்த ஒரு பதிலில் இரும்புக் கடையின் முழு நன்மையும் இருக்கிறது. அவருக்கு எல்லாம் கிலோ கணக்கு. பிராட்மனும் பழைய டெலிபோன் டைரக்டரியும் தராசில் ஒன்று. ஆனால் பையிலிருந்து ஒரு படத்தை மட்டும் உருவிக்கொண்டு, "இது எவ்வளவு?" என்று கேட்டால் அன்றோடு கதை முடிந்தது. அடுத்த முறை எல்லாப் பையையும் அவரே பிரித்துப் பார்ப்பார். கட்டாக எடுத்து நிறுத்து வாங்க வேண்டும். அவர் எடுத்த விலைக்கு மேல் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும். வேண்டாத பேப்பரை அடுத்த வாரம் அவரிடமே கொண்டுபோய்ப் போடலாம். நான் இப்படி ஒரே இரண்டு கிலோ பத்திரிகையை மூன்று தடவை வாங்கியிருக்கிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

இங்கே கிடைப்பவை பெரும்பாலும் தனிப் படங்களாக இருக்காது. பிள்ளைகள் கொப்பியில் ஒட்டியிருப்பார்கள். கோதுமைமாவுப் பசை, இல்லாவிட்டால் சோற்றுப் பருக்கை. அவசரத்தில் கொப்பியைப் புரட்டினால் தவறிவிடும். கொப்பியின் முதுகைப் பிடித்துப் பக்கங்களைத் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கிற பக்கம் மற்றதைப் போல வளையாது, விறைத்து நிற்கும்.

இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். லயத்துக் காம்பராக்களிலிருந்து வருகிற காகிதம் இரண்டு விதம். இஸ்தோப்பு (முன் திண்ணை) பக்கம் பெட்டியில் கிடந்தது பூஞ்சணம் பிடித்து, புள்ளி புள்ளியாகப் பழுப்பேறி, வெள்ளிப்பூச்சி தின்று வரும். அடுப்படிப் பரணில் கிடந்தது விறகுப் புகையில் மஞ்சளாகி, மணமும் ஏறி வரும், ஆனால் காய்ந்திருக்கும், மூலைகள் கூராக இருக்கும். மூக்கைச் சுளிக்காமல் புகை மணக்கிற பையை முதலில் பிரியுங்கள்.

காலமும் முக்கியம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் தோட்டம் முழுக்க வெள்ளையடிப்பார்கள், பரணில் கிடக்கிறதெல்லாம் இறங்கும். பொங்கலுக்கு முன் இன்னொரு சுற்று. ஆட்டோக்காரர்களின் உரப்பைகள் நிறைவது அப்போதுதான். சந்தைக்காரர் வருடம் முழுக்க ஒரே டின்னை வைத்திருப்பார். இரும்புக் கடைச் சரக்கு வாரத்துக்கு ஒரு முறை மாறும், லொறி வந்தால் எல்லாம் கொழும்புக்குப் போய்விடும். லொறி வருகிற கிழமையைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கு முதல் நாள் போவதுதான் வழி.

பங்களாச் சாமான்களும் இங்கே வந்து சேரும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரைமார் பலர் பெட்டி கட்டினார்கள். கட்ட முடியாததை பங்களா வேலைக்கார அப்புவிடமும் தோட்டக்காரனிடமும் விட்டுப்போனார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் வீடு மாறும்போது அது நிறைக்குப் போகிறது. டிக்கோயாவில் டரவல்லை, நானுஓயாவுக்குக் கிட்ட ராதல்லை என்று துரைமார் கிரிக்கெட் ஆடிய மைதானங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் சிகரெட்டும் பிடித்தார்கள். ஆகவே ப்ளேயர்ஸ் படம் ஒன்று உரப்பைக்குள் இருப்பதில் அதிசயமில்லை.

எனக்கு ஒரு தடவை இருந்தது. செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளம்) கணக்குப் புத்தகம் ஒன்றின் நடுவில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு கட்டி. 68 மில்லிமீட்டர் நீளம், 36 அகலம். சிகரெட் படத்தின் அளவு அதுதான், அளவுகோலால் அளந்து பார்த்துவிட்டுக் கை நடுங்கினேன். எட்டுப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. 1938 ப்ளேயர்ஸ் படங்களின் முதுகில் ஆல்பத்தில் நக்கி ஒட்டுவதற்கென்று பசை பூசியிருப்பார்கள். இங்கிலாந்தில் அது வசதியாக இருந்திருக்கும். நம் மலையில் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் சுவரே வியர்க்கும். பசை தானாக ஊறி, முன்னால் இருந்த படத்தின் முகத்தில் பிடித்துக்கொண்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டேன். ஆல்பத்தில் ஒட்டிய படத்தை அப்படிக் கழற்றலாம் என்று எங்கோ படித்த ஞாபகம். இங்கே ஒட்டியிருந்தது முகத்தோடு. எட்டில் மூன்று தப்பின. மீதி ஐந்தில் ஒன்றில் தொப்பி மட்டும் இருக்கிறது, தொப்பிக்குக் கீழே யாரென்று தெரியாது.

இரும்புக் கடையின் தீமையையும் சொல்ல வேண்டும். பத்துத் தடவை போனால் ஏழு தடவை வெறுங்கையோடுதான் திரும்புவோம். தூசு, கரப்பான், ஒருமுறை தேள். உடுப்பு கெடும். முகம் தெரிந்த ஆள் பார்த்தால் "என்ன சார், வீட்ல கஷ்டமா?" என்று கேட்பார்.

கண்டி

ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகப் பஸ்ஸில் போய்வர ஞாயிறு முழுக்கப் போய்விடும். பழம்பொருள் கடைகள் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளுக்காக: முகமூடி, பித்தளை, பழைய பாக்குவெட்டி. விளையாட்டுப் படம் கேட்டால் ஃப்ரேம் போட்டதைக் காட்டுவார்கள். ஆறு ப்ளேயர்ஸ் படங்கள் ஒரு கறுப்பு ஃப்ரேமில், 18,000 ரூபாய். முதுகைப் பார்க்க வேண்டும், கழற்றிக் காட்டுங்கள் என்றேன். முடியாது என்றார். முகத்தை மட்டும் காட்டுகிற படத்தை வாங்கக் கூடாது. பின்பக்க எழுத்து, பசைத் தடம், காகிதத்தின் நிறம் மூன்றும் முதுகில்தான் இருக்கின்றன. மறுபதிப்புகளும் நிறைய வந்திருக்கின்றன, சிலவற்றில் அது மறுபதிப்பு என்று முதுகில்தான் அச்சடித்திருக்கும்.

போலி பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா வெளிச்ச டோர்ச். காகிதத்தை வெள்ளை வெளேரென்று காட்டுகிற இரசாயனம் 1950 வாக்கில்தான் காகித ஆலைகளுக்கு வந்தது. அதற்கு முந்திய காகிதம் அந்த வெளிச்சத்தில் மங்கலாக இருக்கும், புதியது நீலமாக மின்னும். அந்தக் காலத்து சிகரெட் படம் என்று தருவது மின்னினால் போலி என்று சொல்லலாம். மின்னாவிட்டால் அசல் என்று சொல்ல முடியாது, பழைய காகிதத்தில் புதிதாக அச்சடிக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

கண்டிக்கு வருடத்துக்கு ஒருமுறை போகலாம், வாங்க இல்லை, பார்க்க. நல்ல நிலையில் இருக்கிற அசல் படம் கையில் எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே. அந்தப் பாடத்துக்குக் காசு கேட்பதில்லை.

போன்

இக்மன் (நம் நாட்டு விற்பனை விளம்பரத் தளம்), ஃபேஸ்புக், ஈபே. மழையில் நனைய வேண்டாம், ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டே தேடலாம், அதுவே ஆபத்து. உள்ளூரில் விற்பவர்கள் ஈபேயில் ஒருவர் கேட்கிற விலையைப் பார்த்துவிட்டு அதையே போடுகிறார்கள். கேட்கிற விலைக்கு அர்த்தமில்லை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கிற வசதி இருக்கிறது, அதில் வருவதுதான் விலை. முதுகையும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து எடுத்த இன்னொரு படத்தையும் கேளுங்கள். மடிப்பு அப்போதுதான் தெரியும். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பிஎஸ்ஏ என்று அமெரிக்காவில் 1991இலிருந்து படங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகிறார்கள். மருமகன் அதையும் கேட்டான். அனுப்பித் திருப்பி எடுக்கிற செலவுக்கு அவனுடைய 5000 தபால் பையைக்கூடத் தாண்டாது. நாம் பெட்டிக்கடைப் படம் தேடுகிறவர்கள். வரிசையில் ஒன்று குறைகிறது, அதை மட்டும் வாங்கி நிரப்ப வேண்டும் என்றால் போன் நல்லது. தொடக்கத்துக்கு இல்லை.

லயத்து வீடு

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தெரிந்த ஒருவர் வீட்டுக்கு ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். பக்கத்துக் காம்பரா அம்மாயி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபோது, பாக்குக்கு அடியில் வட்டமாக ஒரு தகரத் துண்டு. மேலே ஓர் எழுத்தும் எண்களும், கயிறு கோக்க ஒரு துளை. 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும்போது கழுத்திலோ கையிலோ கட்டிவிட்ட தகரச் சீட்டு. எழுத்து எந்த மாவட்டம் என்பதற்கு, எண் எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதற்கு. சரக்குப் பெட்டிக்கு விலாசம் ஒட்டுவது மாதிரி. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க வேண்டியது, பாக்குத் தூள் படிந்து கிடந்தது.

என் முகத்தைப் பார்த்தே அம்மாயிக்குப் புரிந்துவிட்டது. "என்னா தம்பி அப்பிடிப் பாக்குற? எங்க தாத்தா வந்த சீட்டு அது. வெல கேட்டுறாத."

கேட்கவில்லை. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டேன். எடுத்துக்கொடுத்த தேநீர் ஆறும்வரை, இலங்கைக்கு அனுப்புமுன் ஆட்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் தன் தாத்தா இருந்த கதையை அம்மாயி சொன்னார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

வீடு வீடாகப் போய் "பழசு ஏதும் இருக்கா" என்று கேட்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டிய ஜனவரி மாதமாகப் பார்த்துப் போவார்கள். மலிவாகக் கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. நான் போவதில்லை. யாராவது தாங்களாகக் கூப்பிட்டு, "இந்தப் பெட்டியை என்ன செய்யிறதுன்னு பாருங்க" என்று சொன்னால் போவேன். அப்போதும் வெளியில் என்ன விலைக்குப் போகும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சு. கிரிக்கெட் படமாக இருந்தால் வாங்குவேன். துண்டு (கடனைக் கட்டினால் ஆளை விடுவதாகத் தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டு), தகரச் சீட்டு, பழைய பற்றுச்சீட்டு என்றால் வீட்டிலேயே வைக்கச் சொல்வேன்.

ஆகவே மருமகனுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. 5000இல் 2000 இரும்புக் கடைக்கு, அது நாலைந்து தடவைக்குக் காணும். 1500 சந்தையில் ஒரு டின் வாங்க, அதுவும் சம்பளத்துக்கு முந்திய ஞாயிறு. 800க்கு ஒரு ஊதா டோர்ச்சும் ஒரு பூதக்கண்ணாடியும். மீதியைப் பாதுகாப்புக்கு: இறுக்கமாக மூடுகிற பிஸ்கட் டின், மெல்லிய பொலிப்ரொப்பிலீன் உறைகள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் சேர்த்துவைக்கச் சொன்னேன். விலை குறைவென்று மணக்கிற பீவீசீ உறை வாங்கினால் இரண்டு மழைக்காலத்தில் அது மையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். கண்டிக்கும் போனுக்கும் இந்த வருடம் ஒரு சதமும் இல்லை.

போன ஞாயிறு நானாவின் கடைக்குப் போனான். தலை முழுக்கத் தூசோடு நேரே என் வீட்டுக்கு வந்தான், கையில் ஏழு கிலோ கட்டு. ஆறாம் ஆண்டுக் கணக்குக் கொப்பி ஒன்று, புகை மணம் ஏறியது. நடுப் பக்கத்தில் வகுத்தல் கணக்குக்கு மேலேயே நாலு படங்கள், சோற்றுப் பருக்கையால் ஒட்டியது, பருக்கை ஒன்று இன்னும் பருக்கையாகவே தெரிகிறது. மூன்றாவது படம் முரளி. டெஸ்ட் விக்கெட் இரண்டு இலக்கம்.

"மாமா, தண்ணியில போட்டு உரிச்சிரலாமா?"

மேசை லாச்சியைத் திறந்து, தொப்பி மட்டும் மிஞ்சிய அந்த 1938 படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கொப்பியை மூடி, அப்படியே பிஸ்கட் டின்னுக்குள் சாய்த்து வைத்தான்.